பின்னங்கால் சரியாக வரவில்லையா? முதலில் சேணத்துக்கு மேலே பாருங்கள்

குதிரையின் பின்னங்கால் பின்தங்குகிறது, ஒரு பக்கம் இழுக்கிறது, வளைவில் பின்பாகம் வெளியே ஓடுகிறது, கேன்டர் ஓட்டத்தில் தப்பான லீட் எடுக்கிறது (முன்னே எட்ட வேண்டிய பக்கத்துக் கால்களுக்குப் பதில் மறுபக்கத்துக் கால்கள் முன்னே எட்டுகின்றன). இதில் எது நடந்தாலும் நம் கை முதலில் போவது சாட்டைக்குத்தான், இல்லாவிட்டால் குதிகாலால் இன்னும் இரண்டு உதை. "இந்தக் குதிரை சோம்பேறி" என்று ஒரு தீர்ப்பும் கூடவே வந்துவிடும். சோம்பேறிக் குதிரைகள் இல்லாமல் இல்லை, ஆனால் சோம்பேறி என்று பெயர் வாங்கிய குதிரைகளில் பாதி, மேலே இருப்பவர் கொஞ்சம் சரியாக உட்கார்ந்தால் நன்றாகவே நடக்கும் என்பது என் கருத்து.

காரணம் உடலமைப்பில் இருக்கிறது. பின்னங்கால் முன்னே வருவது தொடையிலிருந்து மட்டும் நடக்கும் வேலை இல்லை. குதிரையின் இடுப்பெலும்பு கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்து கொடுத்தால்தான் கால் வயிற்றுக்கு அடியில் நன்றாக நுழையும், அந்தச் சாய்வு பெரும்பாலும் கீழ்முதுகும் இடுப்பும் சேரும் ஒரே மூட்டில் நடக்கிறது. விலா எலும்பு சேரும் முள்ளெலும்புகள் 18, அதற்குப் பின்னால் விலா இல்லாத கீழ்முதுகு எலும்புகள் பொதுவாக 6 (சில அரபிக் குதிரைகளில் 5), அதற்கும் பின்னால்தான் அந்த மூட்டு. நாம் உட்காருவது விலா இருக்கும் பகுதியில். ஆனால் நம் எடையும் இறுக்கமும் முதுகின் நீண்ட தசைகள் வழியாகப் பின்னால் போய்ச் சேர்கின்றன. முதுகு குழிந்தால் இடுப்பு சாயாது, இடுப்பு சாயாவிட்டால் கால் உள்ளே வராது. இதோடு, சும்மா நிற்கும்போதே குதிரையின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இருக்கிறது, நாம் முன்னால் சாய்ந்தால் அது இன்னும் கூடும்.

சரி, அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒரு சோதனை. இதைத் தவிர்த்துவிட்டுக் கீழே உள்ளதைப் படித்துப் பயனில்லை.

முதலில்: கோளாறு குதிரையிடமா, சேணத்திடமா, உங்களிடமா?

நான்கு நிலையில் பார்க்க வேண்டும். முதலில் சேணம் இல்லாமல், லஞ்ச் கயிற்றில் (நீங்கள் நடுவில் நிற்க, குதிரை உங்களைச் சுற்றி ஓடும் நீளக் கயிறு), மென்மையான தரையில், இரண்டு பக்கமும் ட்ராட் (நடைக்கும் கேன்டருக்கும் இடைப்பட்ட ஓட்டம்). அப்புறம் சேணம் மட்டும் கட்டி அதே. அப்புறம் நீங்கள் ஏறி, பின்பக்கத்தைச் சேணத்திலிருந்து லேசாகத் தூக்கி, அங்கவடியில் (கால் வைக்கும் வளையத்தில்) எடை வைத்து அரை இருக்கையில். கடைசியாக வழக்கம்போல் உட்கார்ந்து. ஒவ்வொன்றையும் யாரையாவது வைத்துப் பக்கவாட்டிலிருந்தும் நேர் பின்னாலிருந்தும் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். வட்டத்தில் சின்ன நொண்டல்கூடப் பெரிதாகத் தெரியும் என்பதால் நேர்கோட்டிலும் ஒரு முறை கையில் பிடித்து ஓடவிட்டுப் பாருங்கள்.

எந்த நிலையில் அறிகுறி தொடங்குகிறதோ அங்கேதான் தேட வேண்டும். வெற்று முதுகிலேயே இருந்தால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், இந்தக் கட்டுரையை மூடிவிடலாம். சேணம் கட்டியவுடன் வந்தால் சேணத்தைப் பாருங்கள்: அதன் எடை தாங்கும் பகுதி கடைசி விலாவைத் தாண்டிப் பின்னால் போகிறதா, நடுப்பகுதி மட்டும் முதுகைத் தொடாமல் பாலம் போல் நிற்கிறதா, வயிற்றுவாரை இறுக்கும்போது குதிரை காதை மடக்குகிறதா. அரை இருக்கையில் நன்றாக இருந்து, உட்கார்ந்தவுடன் வந்தால் அது பெரும்பாலும் நீங்கள்தான். அரை இருக்கையிலும் வந்தால் உங்கள் எடையாகவோ உங்கள் எடைக்குக் கீழே சேணம் அழுந்தும் விதமாகவோ இருக்கலாம். சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. முதுகு பலம் இல்லாத குதிரைக்கு அதுவும் அதிகம்.

ஒரு எச்சரிக்கை இங்கேயே. சூ டைசன் என்ற கால்நடை மருத்துவர், சவாரியின்போது வலியைக் காட்டும் 24 நடத்தைகளின் பட்டியல் ஒன்றைத் தொகுத்திருக்கிறார். அதில் 8 அல்லது அதற்கு மேல் தெரிந்தால் எலும்பு, தசை சார்ந்த வலி இருக்க வாய்ப்பு அதிகம். பின்னங்கால் நுனியை இழுப்பது, பின்கால்கள் முன்கால்களின் தடத்தில் வராமல் விலகிப் போவது, மறுபடி மறுபடி தப்பான லீட் எடுப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் இருப்பவைதான். அதாவது கீழே நான் "உங்கள் உட்காரும் விதம்" என்று சொல்லப்போகும் பல விஷயங்கள் வலியாகவும் இருக்கலாம். காதை மடக்குவது, வாலை அடிப்பது, வாயைத் திறப்பது, வெறித்த பார்வை இவையும் சேர்ந்து வந்தால் உங்களைத் திருத்துவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

அறிகுறி: இரண்டு பின்னங்கால்களும் குட்டையாக எடுத்து வைக்கின்றன

மணலைச் சமன்படுத்திவிட்டு ஒரு நேர்கோட்டில் நடத்திப் போய், இறங்கித் தடத்தைப் பாருங்கள். தளர்வான நடையில் பின்குளம்புத் தடம் முன்குளம்புத் தடத்தைத் தாண்டி விழ வேண்டும். சாதாரண ட்ராட்டில் குறைந்தது முன்தடத்தின் மேலாவது விழ வேண்டும். (கலெக்டட் நடையில், அதாவது உடம்பைச் சுருக்கிக் குட்டை அடியில் போகும்போது, தாண்டாது, அது கோளாறு இல்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம். உடம்பு நீளமான குதிரைக்குத் தாண்டுவது கடினம் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.)

தாண்டவில்லை என்றால் மூன்று காரணங்களைத் தேடுவேன்.

முதலாவது, இடுப்பை முன்பக்கம் சாய்த்து, கீழ்முதுகை உள்ளே வளைத்து உட்காருவது. "நிமிர்ந்து உட்கார்" என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்களிடம் இது நிறைய. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நம் முதுகு பூட்டிக்கொள்ளும், குதிரையின் முதுகு மேலே வரும்போது அதை வாங்கிக்கொள்ள இடமே இருக்காது. சில குதிரைகள் உடனே முதுகைக் குழித்து ஒதுங்கிவிடும். கண்டுபிடிக்க எளிய வழி: நின்றபடியே உங்கள் உள்ளங்கையைக் கீழ்முதுகுக்கும் சட்டைக்கும் நடுவே வையுங்கள், உள்ளே குகை போல இருந்தால் பிரச்சினை அதுதான். வயிற்றை லேசாக உள்ளே இழுத்து, உட்காரும் எலும்புகள் நேராகக் கீழே பார்க்கும் வரை இடுப்பைத் திருத்துங்கள். கூன் போடச் சொல்லவில்லை, கூன் போட்டால் எதிர்ப்பக்கத்துப் பிரச்சினை வரும்.

இரண்டாவது, நாற்காலி இருக்கை. கால்கள் முன்னால் போய், பின்பக்கம் சேணத்தின் பின்விளிம்பில் ஏறி, எடை முழுவதும் குதிரையின் முதுகில் பலவீனமான இடத்துக்கு அருகே விழும். இதற்குச் சில சமயம் உங்களைக் குறை சொல்ல முடியாது. சேணத்தின் ஆழமான இடம் பின்னால் இருந்தாலோ, அங்கவடி தொங்கும் கம்பி மிகவும் முன்னால் இருந்தாலோ யார் உட்கார்ந்தாலும் அப்படித்தான் ஆகும். அங்கவடி இல்லாமல் ஐந்து நிமிடம் நடத்துங்கள், கால் தானாகக் கீழே வந்து காது, தோள், இடுப்பு, குதிகால் ஒரு கோட்டில் நின்றால் சேணத்தை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் கால் முன்னாலேயே போனால் உங்கள் தொடையின் முன்தசை இறுகியிருக்கிறது. குதிகாலைக் கீழே அமுக்கு என்று யாரோ சொன்னதை இன்னும் செய்துகொண்டிருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். குதிகால் தானாக இறங்க வேண்டும், அமுக்கினால் கணுக்கால் பூட்டி, முழங்கால் பூட்டி, இடுப்புவரை பூட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, முழங்கால் பிடி. இதுதான் மூன்றிலும் மோசம் என்பேன், ஏனென்றால் செய்பவருக்குத் தெரியவே தெரியாது. முழங்காலால் சேணத்தைப் பற்றினால் உட்காரும் இடம் மேலே தூக்கப்படும், கீழ்க்கால் பின்னால் பறக்கும், குதிரைக்கு ஒரே நேரத்தில் "நில்" என்று மேலிருந்தும் "போ" என்று கீழிருந்தும் செய்தி வரும். சில சவாரிக்காரர்கள் எவ்வளவு உதைத்தாலும் குதிரை போகாததற்கு இதுவே காரணம். நடையில் போகும்போது இரண்டு தொடைகளையும் சேணத்திலிருந்து ஒரு விரல் அகலம் விலக்கி, மறுபடி மெதுவாக விழவிடுங்கள். விழும்போதே குதிரை ஒரு பெரிய அடி எடுத்து வைத்தால் விடை கிடைத்துவிட்டது.

இதோடு, "முன்னே போ" என்று காலால் குதிரையைக் கேட்கும் நேரத்தையும் சரிபார்க்க வேண்டும். நடையில் இடது பின்னங்கால் காற்றில் முன்னே வரும்போது குதிரையின் வயிறு வலது பக்கம் ஆடும், உங்கள் இடது இடுப்பு கொஞ்சம் கீழே இறங்கும், இடது கால் தானாக வயிற்றின் மேல் விழும். கேட்க வேண்டிய நேரம் அதுதான், அந்தக் கால் தரையை விட்டுக் கிளம்பும் நேரம். கால் தரையில் ஊன்றி எடை தாங்கிக்கொண்டிருக்கும்போது உதைத்தால் அதனால் என்ன செய்ய முடியும்? கண்ணை மூடி (யாராவது கயிற்றைப் பிடித்திருக்கும்போது) "இடது, வலது" என்று இடுப்பு இறங்கும்போதெல்லாம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், கீழே இருப்பவர் பின்னங்காலைப் பார்த்துச் சரியா என்று சொல்லட்டும். இதைச் செய்யப் பலருக்குக் கூச்சம். ஆனால் ஒரு வாரம் செய்தால் உதையின் எண்ணிக்கை பாதியாகும்.

அறிகுறி: ஒரு பின்னங்கால் மட்டும் பின்தங்குகிறது, நுனி தேய்கிறது

லாடத்தைக் கழற்றும்போது பாருங்கள், ஒரு பக்கத்து நுனி மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் இது உண்மையிலேயே நடக்கிறது, உங்கள் கற்பனை இல்லை. மேலே சொன்ன நான்கு நிலைச் சோதனையை இதற்கு மிகக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். யாரும் ஏறாமலும் இழுத்தால், குறிப்பாகப் பின்வாங்கும்போதோ இறுக்கமாகத் திருப்பும்போதோ கால்கள் பின்னினால், அது நரம்புப் பிரச்சினையாகக்கூட இருக்கலாம். அந்தக் குதிரையில் ஏறவே வேண்டாம்.

நீங்கள் ஏறினால் மட்டும்தான் வருகிறது என்றால், பெரும்பாலும் நீங்கள் ஒரு பக்கம் கனமாக உட்காருகிறீர்கள். எல்லோரும் அப்படித்தான், நேராக உட்காரும் மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை. கேள்வி எவ்வளவு என்பதுதான். முதுகெலும்பு நெடுக உங்கள் சட்டையில் ஒரு வெள்ளை டேப் ஒட்டுங்கள், சேணத்தின் பின்விளிம்பு நடுவில் இன்னொன்று. நேர் பின்னாலிருந்து வீடியோ. இரண்டு டேப்பும் ஒரே கோட்டில் இருக்கிறதா, சேணம் ஒரு பக்கம் சரிகிறதா, எந்த அங்கவடி தாழ்ந்து தொங்குகிறது என்று பாருங்கள். எப்போதும் இடது பக்கமே ஏறுபவர்களின் இடது அங்கவடி வார் நீண்டுவிடும், வலதோடு சேர்த்துப் பிடித்து அளந்து பாருங்கள். அடிக்கடி இரண்டையும் இடம் மாற்றுங்கள், ஏற ஒரு ஸ்டூல் பயன்படுத்துங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் மாதக்கணக்கில் கோணலாக உட்கார வைக்கும்.

இங்கே ஒரு திருப்பம். சேணம் எப்போதும் ஒரே பக்கம் சரிந்தால் "நான்தான் கோணல்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பின்னங்கால் நொண்டல் இருக்கும் குதிரைகளில் சேணம் சரிவது ஆய்வுகளில் பார்க்கப்பட்டிருக்கிறது. வலியை மரத்துப்போக வைத்தவுடன் அவற்றில் பெரும்பாலானவற்றில் சரிவு நின்றும்விட்டது. அதாவது குதிரை உங்களைக் கோணலாக்கியிருக்கலாம். வேறொருவரை ஏறச் சொல்லுங்கள். அவருக்கும் அதே பக்கம் சரிந்தால், சேணம் சமமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

ரைசிங் ட்ராட்டில் (ட்ராட்டின் தாளத்துக்கு எழுந்து எழுந்து உட்காருவது) தெரிவதை மட்டும் வைத்து முடிவெடுப்பதும் ஆபத்து. நாம் அங்கவடியில் எழும்போது நம் உடம்பு மேலே போக, அதன் எதிர்விசை குதிரையைக் கீழே அமுக்குகிறது. அதனால் நாம் உட்காரும்போது தரையில் இருந்த பின்னங்கால் உந்தும் நேரத்தில் குதிரையின் இடுப்பு கொஞ்சம் குறைவாகவே உயர்கிறது. நல்ல குதிரையிலும் லேசான நொண்டல் போலவே இது தெரியும். ஆகவே டயகனலை, அதாவது எந்த மூலைவிட்ட ஜோடிக் கால்கள் ஊன்றும்போது உட்காருகிறீர்கள் என்பதை, மாற்றுங்கள். அறிகுறியும் கூடவே கால் மாறினால் அது பெரும்பாலும் ரைசிங்கின் விளைவு. எந்த டயகனலில் இருந்தாலும் அதே காலில் நின்றால் அந்தக் காலில்தான் ஏதோ இருக்கிறது. காட்டில், சாலையில் நீண்ட தூரம் போகும்போது பலர் ஒரே டயகனலில் முழுப் பயணத்தையும் முடிப்பார்கள். குதிரையே அவர்களை அந்த டயகனலுக்குத் தூக்கிப் போடும் என்பதால் கவனிக்கவும் மாட்டார்கள். அப்படித் தூக்கிப் போட்டால், அதுவே ஒரு தகவல்.

அறிகுறி: வட்டத்தில் பின்பாகம் வெளியே நழுவுகிறது

இதற்கு எல்லோரும் தங்கள் வெளிக்காலை (வட்டத்தின் மையத்துக்கு எதிர்ப்பக்கத்துக் காலை; மையத்தின் பக்கம் "உள்") பின்னால் கொண்டுபோய் அமுக்குவார்கள். அமுக்குவதற்கு முன்னால் உங்கள் உள்பக்கத்து விலாவைப் பாருங்கள்.

வட்டத்தில் உள்ளே பார்க்க வேண்டும் என்று உள்தோளைத் தாழ்த்தினால் இடுப்புக்கு மேலே உடம்பு மடியும், மடிந்தவுடன் இடுப்பு வெளிப்பக்கம் தள்ளப்படும். உள்ளே சாய்ந்திருக்கிறோம், எடை உள்ளே இருக்கிறது என்று நமக்குத் தோன்றும், உண்மையில் வெளி உட்காரும் எலும்பில் இருக்கும். குதிரை எடைக்கு அடியில் காலை வைக்கத்தான் பார்க்கும், அதனால் பின்பாகம் வெளியே போகிறது. அதை நாம் வெளிக்காலால் அடித்து உள்ளே தள்ளுகிறோம், அது உள்ளே வர, மறுபடி எடை வெளியே இழுக்க, இப்படியே வட்டம் முழுவதும் சண்டை.

திருத்தம்: உள்கையை மேலே தூக்கி வானத்தைத் தொடுவது போல் நீட்டி, அரை வட்டம் ஓட்டுங்கள். உள்பக்கத்து விலா விரியும், உள் உட்காரும் எலும்பு தானாகச் சேணத்தைத் தேடி இறங்கும். கையை இறக்கிய பிறகும் அந்த நீளத்தை வைத்திருங்கள். உங்கள் மூக்கு குதிரையின் காதுகளுக்கு நடுவே நின்றால் போதும்.

உள்லகானும் சந்தேகத்துக்குரிய ஆள். கழுத்தை வளைக்கிறேன் என்று உள்லகானை இழுத்துப் பிடித்தால் உள் பின்னங்கால் முன்னே வர வழியே இல்லை, அது ஒன்று குட்டையாக விழும், இல்லை வெளியே விலகும். இரண்டு மூன்று அடிகளுக்கு உள்கையை முன்னால் கொடுத்துப் பாருங்கள். வட்டத்தின் அளவு மாறாமல் இருந்தால் நல்லது. உடனே குதிரை நேராக ஓடிவிட்டால் நீங்கள் இதுவரை உட்காரும் இடத்தால் திருப்பவில்லை, கையால் இழுத்துக்கொண்டிருந்தீர்கள் என்று பொருள்.

அறிகுறி: கேன்டரில் பின்பாகம் உள்ளே வருகிறது

ஓரளவுக்கு இயல்பு. குதிரையின் பின்பாகம் தோளைவிட அகலம், சுவரோரம் தோளை ஒட்டி ஓடினால் பின்பாகம் உள்ளே வந்துதான் ஆகும். உள்காலால் பின்பாகத்தை வெளியே தள்ளாதீர்கள், தோள்களைப் பின்பாகத்துக்கு முன்னால் கொண்டுவாருங்கள். உங்கள் வெளிக்கால் கேன்டர் கேட்டபின்னும் பின்னாலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் அதைத் திருப்பி இடத்துக்குக் கொண்டுவந்தாலே பாதி தீரும்.

அறிகுறி: தப்பான லீட், அல்லது முன்கால் ஒரு லீட் பின்கால் இன்னொரு லீட்

கேன்டரின் முதல் அடி வெளிப் பின்னங்காலில் தொடங்குகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் இது எளிது. வலது லீட் என்றால்: இடது பின்கால், அப்புறம் வலது பின்காலும் இடது முன்காலும் சேர்ந்து, அப்புறம் வலது முன்கால், அப்புறம் காற்றில். ஆக, கேட்கும் நொடியில் வெளிப் பின்னங்கால் தரையைத் தள்ளத் தயாராக இருக்க வேண்டும், உங்கள் உள் இடுப்பு முன்னே போக இடம் இருக்க வேண்டும்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? ட்ராட்டை வேகமாக்கி, முன்னால் குனிந்து, "எந்தக் கால் வருகிறது" என்று குதிரையின் உள்தோளை எட்டிப் பார்க்கிறோம். மனிதத் தலை சுமார் 5 கிலோ, அது முன்னும் உள்ளும் தொங்கும்போது எடை சரியாக அந்த உள்தோளின் மேல், எந்தத் தோள் லேசாகித் தூக்க வேண்டுமோ அதன் மேலேயே விழுகிறது. பார்க்காதீர்கள். நடையிலிருந்து கேன்டர் கேளுங்கள், ட்ராட்டில் ஓட இடம் கொடுக்காதீர்கள். கேட்பதற்கு முன் மூன்று அடி உள் இடுப்பை ஒரு விரலளவு முன்னே வைத்து, வெளிக்காலைப் பின்னே சறுக்கி, காத்திருந்து கேளுங்கள்.

கேன்டரின் நடுவில் பின்கால் மட்டும் லீட் மாற்றிக்கொண்டால், உட்காருவது உருட்டி உருட்டித் தூக்கிப் போடுவது போல் இருக்கும், கண்ணால் பார்க்காமலே தெரியும். பெரும்பாலும் வளைவில், உடம்பு வெளியே சரியும் இடத்தில் நடக்கும். ட்ராட்டுக்கு இறக்கி மறுபடி கேளுங்கள், அப்படியே ஓட்ட வேண்டாம். இரு திசையிலும் நீங்கள் நேராக இருந்தும் திரும்பத் திரும்ப நடந்தால் இடுப்பு, முதுகு வலிக்கு நல்ல அடையாளம் இது.

அறிகுறி: கேன்டர் நான்கு தட்டாக உடைகிறது, அல்லது தானே ட்ராட்டுக்கு விழுகிறது

சரியான கேன்டரில் ஒவ்வொரு சுற்றிலும் காலடிச் சத்தம் மூன்று தட்டுதான், அதில் நடுத்தட்டு இரண்டு கால் சேர்ந்து விழுவது. கையால் பிடித்து மெதுவாக்கினால் அந்த ஜோடி பிரிந்துவிடும். மேல் உடம்பால் ஆட்டி ஆட்டித் தள்ளுபவர்களிடமும் இதைப் பார்க்கலாம்: தோள் முன்னும் பின்னும் போகும், ஆனால் இடுப்பு அசையாது, சேணத்தைத் தேய்ப்பதுதான் மிச்சம். தோளை அமைதியாக வைத்து இடுப்பை மட்டும் ஊஞ்சலாட விடுங்கள். அரை இருக்கைக்கு எழுந்து ஒரு சுற்று ஓட்டினால் பல குதிரைகள் உடனே மூன்று தட்டுக்கு வந்துவிடும், அதுவே நீங்கள் முதுகை அடைத்துக்கொண்டிருந்ததற்குச் சாட்சி.

அறிகுறி: "க்ளிக் க்ளிக்", பின்லாடம் முன்லாடத்தைத் தட்டுகிறது

ட்ராட்டில் கேட்கும். பின்னங்கால் நன்றாக எட்டுகிறது என்று சந்தோஷப்படுபவர்கள் உண்டு, அது தப்பு. முன்கால் சரியான நேரத்தில் கிளம்பவில்லை என்றுதான் பொருள், ஏனென்றால் எடை அதன் மேலேயே நிற்கிறது. வேகத்தைக் குறையுங்கள், முன்னால் சாயாதீர்கள். களைத்துப்போன குதிரைக்கும் இளங்குதிரைக்கும் இது வரும். குளம்பு நுனி நீண்டிருந்தாலும் வரும், அதை லாடம் அடிப்பவர்தான் பார்க்க வேண்டும்.

அறிகுறி: நிற்கும்போது ஒரு பின்கால் பின்னாலேயே கிடக்கிறது

லகானை இழுத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து நிறுத்துபவர்களுக்கு இது பரிசு. கையை மூடி, மூச்சை விட்டு, இடுப்பின் ஆட்டத்தை நிறுத்தி, கீழ்க்காலை மட்டும் வயிற்றில் லேசாக வைத்திருந்தால் கடைசி அடி உள்ளே வந்து நிற்கும். நின்ற பிறகு ஒவ்வொரு காலாகத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம், ஒரு அடி முன்னே நடத்தி மறுபடி நிறுத்துங்கள். எப்போதும் ஒரே கால்தான் கிடக்கிறது என்றால் இரண்டாவது அறிகுறிக்குத் திரும்பிப் போங்கள்.

அறிகுறி: பின்வாங்கும்போது கால்களை இழுக்கிறது, அகலமாக வைக்கிறது

பின்வாங்குவது மூலைவிட்டமாக ஜோடி ஜோடியாக, ட்ராட் போல நடக்க வேண்டும். நாம் பின்னால் சாய்ந்து இழுத்தால் முதுகு குழியும், பின்கால்கள் மடங்காமல் மணலை உழும். உட்காரும் இடத்தை லேசாக்குங்கள், மேல் உடம்பு ஒரு நூல் முன்னே. மூன்று அடி போதும்.

அறிகுறி: லெக்-யீல்டில் உள் பின்னங்கால் குறுக்கே வரவில்லை, ஷோல்டர்-இன்னில் உடம்புக்கு அடியில் வரவில்லை

இரண்டும் குதிரை முன்னே போய்க்கொண்டே பக்கவாட்டிலும் நகரும் பயிற்சிகள். குதிகாலைத் தூக்கி உள்காலால் தள்ளும்போது நம் உடம்பு எதிர்ப்பக்கம் நழுவுகிறது, அல்லது உள்ளேயே மடிகிறது. இரண்டிலும் குதிரை தோளால் ஓடும். ஒரு அடி கேளுங்கள், ஒரு அடி நேராக விடுங்கள், மறுபடி ஒரு அடி. தொடர்ந்து தள்ளினால் அந்தக் கால் தரையில் இருக்கும்போதும் சேர்த்தே தள்ளிக்கொண்டிருப்பீர்கள்.

திருத்தும்போது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தோள், குதிகால், கை எல்லாவற்றையும் ஒரே சுற்றில் சரிசெய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது, நீங்களும் மரக்கட்டை மாதிரி ஆகிவிடுவீர்கள். மாற்றிவிட்டுப் பத்துப் பன்னிரண்டு அடி ஓட்டுங்கள், தடத்தைப் பாருங்கள், அப்புறம் அடுத்தது. தரையில் மூன்று நான்கு கம்புகளைப் போட்டு ஓட்டுவதும் நல்ல அளவுகோல்: நடைக்கு இடைவெளி சுமார் 80 முதல் 90 சென்டிமீட்டர், ட்ராட்டுக்கு 1.2 முதல் 1.4 மீட்டர், குதிரையின் உயரத்துக்கேற்ப. பின்குளம்பு மட்டும் கம்பைத் தட்டுகிறது, முன்குளம்பு தட்டவில்லை என்றால் நீங்கள் கம்பைத் தாண்டும்போது பின்னால் விழுந்து உட்காருகிறீர்களா என்று வீடியோவில் பாருங்கள்.

சில திருத்தங்கள் அந்த நொடியே பலன் தரும், முழங்கால் பிடியை விடுவது அப்படி. சிலவற்றுக்கு வாரங்கள் ஆகும், ஏனென்றால் குதிரை இத்தனை நாள் உங்கள் கோணலுக்கு ஏற்பத் தன் தசையை வளர்த்திருக்கிறது, நீங்கள் திடீரென்று நேரானவுடன் அதற்குத்தான் கோணலாகத் தோன்றும். முதல் சில நாட்கள் மோசமாகப் போவது போலத் தெரிந்தால் பதறாதீர்கள், ஓட்டும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதுகைத் தடவும்போது குதிரை சுருங்கினாலோ, சேணத்தைக் கண்டவுடன் விலகினாலோ அதைப் பழகும் காலம் என்று எடுத்துக்கொள்ளாமல் அன்றைக்கே நிறுத்திவிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள்.